பெரியதம்பிக்கு இந்த வருடம் இல்லை

என் மனைவி லோஜனாவின் கைபேசி மாமாவிடம்தான் இருந்தது. மகள் இறந்த பிறகும் அவர் அதை அணைக்கவில்லை. காலையில் சார்ஜில் போடுவார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். யார் அழைத்தாலும் எடுப்பார். பல் மருத்துவரின் நினைவூட்டல், நூலகத்தின் நினைவூட்டல் என்று எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். அவர் யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். வந்ததற்குப் பதில் போகாமல் விட மாட்டார்.

ஹில்ஸ்பரோ வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். செத்தவீட்டுக்கு வந்த மூத்த மகளோடு மாமி லண்டனுக்குப் போயிருந்தார். மாமா சமைத்தார். நான் சாப்பிட்டேன்.

அன்று காலை நான் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். விரி என்கிற இடத்தில் ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைக் கவனிப்பது என் வேலை. ஜூலைக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்கிறேன். திரையில் எண்கள் இருக்கும். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கைபேசி அடித்தது. மாமா எடுத்தார். கேட்டார். அவருடைய முகம் சுருங்கியது.

"தம்பி, இந்த மனிசி அழுகிற மாதிரிக் கதைக்குது. குதிரையைப் பற்றித்தான் ஏதோ. எனக்கு விளங்கேல்லை. ஒருக்காக் கேளுங்கோ."

வாங்கினேன். வையுக்குவிலிருந்து டோனா. அவளிடம் ஒரு பெண் குதிரை இருந்தது. லோஜனாவின் இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள்.

"அவன் உன்னுடைய குதிரை. முடிவும் உன்னுடையது" என்றாள் ஆங்கிலத்தில். "எனக்குப் பேச உரிமை இல்லை. ஆனால் காயடிப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் குதிரை இன்று பருவத்துக்கு வந்து தயாராக நிற்கிறாள்."

"யாரைக் காயடிக்கிறார்கள்?"

"பெரியை" என்றாள். "இன்று காலை டாக்டர் வருகிறாராம். கிரேம் சொன்னான். உனக்குத் தெரியாதா?"

பெரி என்பது பெரியதம்பி. பதிவுப் பத்திரத்தில் அவனுக்கு வேறு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. லோஜனா வைத்தது இது. அவன் கிளைட்ஸ்டேல் இனம். ஏர் இழுக்கிற, மரம் இழுக்கிற பெரிய குதிரை. அவனுடைய தோள் என் தலைக்கு மேலே இருக்கும். நான்கு கால்களிலும் குளம்பை மூடி வெள்ளை மயிர் தொங்கும். லோஜனா பக்குரங்காவில் மருந்தாளராக வேலை செய்தாள். உயரம் என் காதுவரை. அவள் அவனை நடத்திக்கொண்டு போனால் வீதியில் கார்கள் நிற்கும்.

குட்டியாக வாங்கி, கிளீவ்டனில் கிரேமின் காணியில் விட்டு வளர்த்தாள். அந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் குடியேறிகளின் பண்ணைகள். காட்டை வெட்டினார்கள், மரத்தை இழுத்தார்கள், உழுதார்கள். எல்லாவற்றுக்கும் இந்தக் குதிரைகள்தான். வசந்தம் தொடங்கியதும் பொலிகுதிரை வைத்திருப்பவன் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பெண் குதிரைகளோடு சேர்க்கப் பண்ணை பண்ணையாக நடப்பானாம். முன்கூட்டியே பத்திரிகையில் விளம்பரம் வரும். என்ன நிறம், என்ன வம்சம், எந்தக் கிழமை எந்தச் சந்தியில் நிற்கும். அந்த ஊர் மண்டபத்தில் பழைய விளம்பரங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். "யாரிட்ட இருந்து பிடிச்ச நிலம் எண்டு ஒண்டிலயும் இல்லை பாருங்கோ" என்று லோஜனா சொல்வாள். ஆனாலும் நின்று வாசிப்பாள். குதிரைகள் என்ன பாவம் செய்தன என்பாள்.

இந்த வருடம் அவளும் அதே மாதிரி ஒன்று எழுதித் தீவனக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். மண்ணிறம். நான்கு காலும் வெள்ளை. சாந்த குணம். இந்தப் பருவத்தில் பொலிக்கு நிற்பான். வீதிவழியே தானே நடத்திக்கொண்டு போவதாக இருந்தாள். அது அவனுடைய முதல் பருவம். அவனுக்கு இன்னும் ஒரு குட்டிகூடப் பிறந்திருக்கவில்லை. எங்களுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வருகிற வருடம் பேசலாம் என்றிருந்தோம்.

விளம்பரம் ஒட்டி இரண்டு நாள் கழித்து, பக்குரங்கா பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில், தலைக்குள் ஓர் இரத்தக் குழாய் வெடித்து விழுந்தாள். கையில் கார்ச் சாவி இருந்தது.

டோனாவிடம் பிறகு பேசுகிறேன் என்றேன். கிரேமை அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கைபேசியை வாகனத்திலேயே விட்டுவிடுகிற ஆள்.

"மாமா, கிரேமோட கதைச்சனீங்களோ?"

"ஆர் கிரேம்?"

"குதிரை நிக்கிற காணிக்காரன்."

"ஓ, அவரோ. ஓம், போன கிழமை எடுத்தவர். குதிரை கேட்டு ஆக்கள் வருகினம், என்ன சொல்லுறது எண்டு கேட்டவர். எங்கட வீட்டில சாவு நடந்திருக்கு, உந்த அலுவல் ஒண்டும் இல்லையெண்டு சொல்லச் சொன்னனான்."

"எந்த அலுவல்?"

"அதுதான் தம்பி. சோடி சேர்க்கிறது. வருசத்திவசம் முடியாமல் வீட்டில நல்ல காரியம் ஒண்டும் செய்யிறேல்லைத்தானே. கலியாணமில்லை, புதுவீடு குடிபூரலில்லை. அது அவள் பிள்ளை மாதிரி வளர்த்த சீவன். அதுக்கும் உள்ளதுதானே."

"அவர் என்ன சொன்னவர்?"

"அப்ப அவன் இனி அந்த வேலைக்கு இல்லையோ எண்டு கேட்டவர். இல்லையெண்டு சொன்னனான். தான் எல்லாம் ஒழுங்கு செய்யட்டோ எண்டு கேட்டவர். மெத்தப் பெரிய உபகாரம் எண்டு சொன்னனான்."

"என்ன ஒழுங்கெண்டு கேக்கேல்லையோ?"

"தனிய அடைச்சு வைக்கிறதாக்கும் எண்டு நினைச்சன்." என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி?"

"அவனுக்கு நலமடிக்கப் போறாங்கள் மாமா."

ஊரில் நாம்பன் மாடுகளுக்குக் காயடிப்பதை அப்படித்தான் சொல்வோம். மாமா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. போய் அதை அணைத்தார். திரும்பி வந்தார்.

"வெளிக்கிடுங்கோ" என்றார்.

வழியெல்லாம் நான் கிரேமை அழைத்துக்கொண்டே இருந்தேன். மாமாவும் லோஜனாவின் கைபேசியிலிருந்து அழைத்தார். இரண்டு கைபேசிகளிலும் ஒரே குரல் செய்தி விடச் சொன்னது. மாமா விட்டார். "தயவுசெய்து எதையும் செய்யவேண்டாம். தயவுசெய்து காத்திருக்கவும்." தந்தி மாதிரி இருந்தது. இரண்டு தரம் சொன்னார்.

கிரேமின் படலை திறந்து கிடந்தது. உள்ளே மருத்துவரின் வாகனம் இல்லை. இன்னும் வரவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு சேற்றில் புதுச் சில்லுத் தடம் பார்த்தேன். உள்ளே வந்து, திரும்பி, வெளியே போயிருந்தது.

கொட்டகைக்கு முன்னால் பெரியதம்பி நின்றான். தலை முழங்கால்வரை தொங்கியது. கீழ் உதடு தளர்ந்து ஈரமாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பின்னங்கால்களின் உட்பக்கம் சிவப்பு வழிந்து வெள்ளை மயிருக்குள் போயிருந்தது. அதிலிருந்து சொட்டியது. அதிகம் இல்லை. ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று.

கிரேம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்.

"நீங்கள் வந்திருக்கத் தேவையில்லையே. சுத்தமாக முடிந்தது. ஆட்டுக்குட்டி மாதிரி நின்றான். டாக்டர் செலவு என்னுடையது. பேச்சே வேண்டாம். லோஜுக்காக."

நான் குதிரையின் பின்னங்கால்களைப் பார்த்தேன்.

"என்ன?" என்றார் கிரேம்.

"ஒரு வருடம்தான்" என்றேன். "ஒரு வருடத்துக்குத்தான் வேண்டாம் என்றார்."

"ஒரு வருடமா? அவனுக்கு ஏதாவது நோயா?"

"இல்லை. நாங்கள் துக்கம் காக்கிறோம்."

கிரேம் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "குதிரைக்குமா?"

"ஓம்" என்றேன். ஆங்கிலம் வரவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தார். "ஐயோ. நான் கேட்டேனே. இனி இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். பருவத்துக்கு நிற்காத ஆண் குதிரையை யார் வைத்திருப்பார்கள்? இந்த மாதம் வேலியை இரண்டு தரம் உடைத்துவிட்டான். அடுத்த காணியில் எல்லாம் பெண் குதிரைகள். லோஜ் இருந்தால் ஒரு சொல்லுக்கு நிற்பான். அவள் இல்லை. நல்லது என்றுதான்…"

அவர்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமா மேலும் வரவில்லை. லோஜனா விழுந்த நாளிலும் இப்படித்தான். எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடந்தது.

மாமா குதிரையிடம் போயிருந்தார். முன்பு இருபதடி தள்ளி நின்று பார்ப்பவர். இப்போது அதன் நெற்றிக்குக் கீழே நின்றார். தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தபாற்கந்தோருக்கு முறைப்பாட்டோடு வந்தவர் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

என் கைபேசி அடித்தது.

"கேதீஸ், யுவனேஸ்வரி பேசுறேன். டோனா இப்பதான் சொன்னாங்க. ஆயிடுச்சா?"

யுவனேஸ்வரி ஈப்போக்காரி. லோஜனாவின் சிநேகிதி. கராக்காப் பக்கம், குதிரை இனப்பெருக்கம் பார்க்கிற ஓர் ஆய்வுகூடத்தில் மருத்துவர்.

"முடிஞ்சுது" என்றேன்.

"எப்ப?"

"இப்பதான். கொஞ்சத்துக்கு முந்தி."

"எடுத்தத எங்க போட்டாங்க?"

"எதை?"

"எடுத்தத, கேதீஸ். விதை. எங்க இருக்குன்னு கேளுங்க. சீக்கிரம். குதிரைக்குத்தான் முடிஞ்சது. அதுக்குள்ள இன்னும் உயிர் இருக்கு. நாளைக்குக் காலை வரைக்கும்கூட இருக்கும். கெட்டுப்போகாம வந்தா நான் எடுத்துருவேன்."

கிரேமிடம் கேட்டேன். அவர் கையை மெல்ல உயர்த்திக் காட்டினார்.

"கூரைமேல்" என்றார்.

"என்ன கூரைமேல்?"

"எறிந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் எப்போதும் அப்படித்தான். காயடித்தால் கொட்டகைக் கூரைமேல் எறிவோம். குதிரைக்கு நல்லது நடக்கும் என்று." அவருக்கு முகம் சிவந்தது. "வழக்கம்."

மாமா திரும்பிப் பார்த்தார். "என்னவாம்?"

சொன்னேன். மாமா கூரையைப் பார்த்தார். கிரேமைப் பார்த்தார். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வழக்கமோ" என்றார் மாமா.

கைபேசியில் யுவனேஸ்வரி கத்திக்கொண்டிருந்தாள். "ஹலோ? எங்கயாம்?"

"கூரையில."

"கூரையா? எந்தக் கூரை? என்ன விளையாடுறீங்களா?"

"கொட்டகைக் கூரையில எறிஞ்சிட்டார்."

"அட கடவுளே. அப்புறம் ஏன் போன்ல நின்னுட்டு இருக்கீங்க? ஏறுங்க லா!"

கிரேம் ஏணி கொண்டுவந்தார். அவர் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். தகரம் பனியில் நனைந்திருந்தது. சரிவில் தவழ்ந்தேன். உச்சியில் இரண்டு மேக்பை பறவைகள் உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்துவிட்டு வேறெதையோ பார்த்தன. அவை பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

மழைநீர்ப் பீலிக்குள், பழைய இலைகளோடு கிடந்தது. ஒரு பெரிய மாங்காயளவு. வெளுத்த தோல், நீல நரம்புகள், ஒரு பக்கத்தில் கயிறுபோல வெட்டுப்பட்ட நுனி. பறவைகள் இன்னும் தொடவில்லை. கையில் எடுத்தேன். வெளியே குளிர்ந்திருந்தது. அழுத்தியபோது உள்ளே இளஞ்சூடு தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"மற்றது?" என்று கிரேம் கீழேயிருந்து கேட்டார்.

தேடினேன். இல்லை. மறுபக்கச் சரிவில் உருண்டு போன ஈரத் தடம் இருந்தது. அதன் கீழே, புல்லில், கிரேமின் நாய் படுத்திருந்தது. வாயை நக்கியது.

"ஒன்றுதான்" என்று கைபேசியில் சொன்னேன்.

"ஒன்னு போதும்" என்றாள் யுவனேஸ்வரி. "கழுவாதீங்க. சுத்தமான துணில சுத்துங்க. பிளாஸ்டிக் பையில போடுங்க. கீழ ஐஸ், நடுவுல துணி, மேல இது. நேரா ஐஸ்ல படக்கூடாது, செத்துடும். புரியுதா?"

கிரேம் மீன்பிடிக்கக் கொண்டுபோகிற சில்லி பின் என்கிற குளிர்ப்பெட்டியை எடுத்துவந்தார். ஐஸ் இருந்தது. துணி என்று கொட்டகைக்குள் தேடினார். எல்லாம் எண்ணெய் துடைத்தவை. மாமா தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கட்டிய வேட்டியோடு வந்த சால்வை. பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். நான் தயங்கினேன். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர் அவர்.

"தாங்கோ தம்பி. நீங்கள் பிடிக்கிற பிடியில நசிஞ்சு போகும்."

வாங்கினார். குழந்தையைப் போர்த்துவதுபோல என்று எழுத வருகிறது. அப்படியில்லை. பொதியைக் கட்டுகிற கையால், மூலை மடித்து, இறுக்கமில்லாமல், பிரியாமல் சுற்றினார்.

கிரேம் குதிரையோடு நின்றுகொண்டார். மெல்ல நடத்த வேண்டும், வீங்காமல் பார்க்க வேண்டும், அதைத் தான் செய்வதாகச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது கையைத் தூக்கினார். அசைக்கவில்லை. தூக்கியபடியே வைத்திருந்தார்.

மாமா சில்லி பின்னை மடியில் வைத்திருந்தார். கீழே வைக்கச் சொன்னேன். குலுங்கும் என்றார். பாப்பக்குரா வந்தது. காருக்குள் மீன் நாற்றம்.

"பொலிஸ் மறிச்சு, இதுக்குள்ள என்ன எண்டு கேட்டா?" என்றார்.

"மீனெண்டு சொல்லுங்கோ."

"நான் மீன் தின்னாதவன்."

"அது அவங்களுக்குத் தெரியாது மாமா."

"பொய் சொல்ல வருமோ எனக்கு" என்றார். சிறிது தூரம் போன பிறகு, "ஒரு வருசம் எண்டு சொன்னனானோ எண்டு யோசிக்கிறன் தம்பி. தமிழில யோசிச்சனான், ஒரு வருசத்துக்கு இல்லையெண்டு. வாயால 'ஒன் இயர்' எண்டு வந்ததோ, இல்லாட்டி 'நோ' எண்டு மட்டும் வந்ததோ, ஞாபகமில்லை."

பிழையில்லை என்று சொல்லியிருக்கலாம். பிழை என்றும் சொல்லியிருக்கலாம். வீதி வளைந்தது. திருப்பினேன்.

யுவனேஸ்வரி முழங்கால்வரை சப்பாத்தோடு வாசலில் நின்றாள். "அங்கிள், குடுங்க" என்றாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "கூரை, அப்புறம் மீன் பெட்டி. லோஜா இருந்தா நம்மள அடிச்சே கொன்னுருப்பா."

மாமா சிரித்தார். ஒரு சத்தம்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே அவள் வேலை செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு பக்கமாகச் சுருண்டு ஒட்டியிருந்த குழாயைக் கத்தியால் பிரித்தாள். நீட்டினாள். ஊசியால் திரவம் செலுத்தினாள். மறுமுனையில் பால்போல ஏதோ வெளியே வந்து கிண்ணத்தில் விழுந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் குனிந்தாள். நிமிரவில்லை. மாமாவின் மூச்சு கண்ணாடியில் படிந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அவள் கையால் கூப்பிட்டாள்.

"பாருங்க அங்கிள்."

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓடுதுகள்" என்றார்.

"எல்லாம் ஓடல. ஆனா பரவால்ல. நான் நெனச்சதவிட நல்லாருக்கு." கையுறையைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க ஒரு முடிவு சொல்லணும். இத ஃப்ரீஸ் பண்ணலாம். பண்ணா வருஷக்கணக்குல வெச்சிருக்கலாம். உங்க வருஷம் முடிஞ்சப்புறம் எடுத்துக்கலாம். ஆனா உறைய வெச்சா நெறைய செத்துரும். கிடைச்சது ஒன்னு, அதுவும் கூரைல கெடந்தது. மிச்சத்துல குட்டி பிறக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இல்லன்னா இப்படியே, இன்னைக்கே, டோனாவோட குதிரைக்கு வெக்கலாம். அது இன்னைக்கு ரெடியா இருக்கு. அதுதான் நல்ல சான்ஸ்."

"ரெண்டுக்கும் பிரிக்க ஏலாதோ?"

"பிரிச்சா ரெண்டும் போயிடும்."

குதிரை இப்போது சட்டப்படி என்னுடையது. நான் சொன்னால் போதும். லோஜனா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் குரலை நினைத்துப் பார்த்தேன். குரல் வரவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சுவரில் சாய்ந்தேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருசம் முடியேல்லை" என்றார்.

"தெரியும் அங்கிள்" என்றாள் யுவனேஸ்வரி. குரல் தணிந்திருந்தது. "அதான் கேக்குறேன்."

"ஒரு நல்ல காரியமும் செய்யிறேல்லை."

"சரி அங்கிள். அப்ப ஃப்ரீஸ்…"

"பொறுங்கோ பிள்ளை."

அவர் வெளியே போனார். ஜன்னலில் தெரிந்தார். வேலிவரை நடந்தார். அங்கே ஒன்றும் இல்லை, புல்தான். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோய்த் தேடினார். காதில் வைத்தார். நான் கதவைத் திறந்துகொண்டு பின்னால் போனேன்.

ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். கடிதம் எழுதுகிற ஆங்கிலம். "மேடம், உங்கள் குதிரையைத் தயவுசெய்து இப்போதே கொண்டு வரவும்." மறுபக்கத்தில் டோனா எதையோ கேட்டாள். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். "நோ, மேடம்" என்றார். "த இயர் இஸ் ஃபார் அஸ். நாட் ஃபார் யுவர் ஹோர்ஸ்." பிறகு அவளுக்கு முகவரி சொல்லத் தொடங்கினார். வீதியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

டோனா வந்தபோது யுவனேஸ்வரி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். பெண் குதிரை கறுப்பு, வயிறு அகன்றது, வயதானது. இறங்கும்போதே காற்றை மோந்தது. டோனா என்னைப் பார்த்ததும் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "நான் வாலைப் பிடிக்க வேண்டும். நீ தலையைப் பிடி."

நான் குதிரையின் தலையைப் பிடித்ததே இல்லை. மரச்சட்டத்துக்குள் அதை விட்டார்கள். நான் முன்னால் நின்றேன். அது என் சட்டையை மோந்தது. அதில் பெரியதம்பியின் இரத்தம் இருந்தது, கூரையில் தவழ்ந்தபோது பட்டது. மூக்கை அங்கே வைத்து அழுத்தியது. சூடான காற்று துணி வழியாகத் தோலில் பட்டது. மேலுதட்டைச் சுருட்டி, தலையை உயர்த்தி, பல்லைக் காட்டி நின்றது. பிறகு மறுபடி என் நெஞ்சில் மூக்கை வைத்தது. முழுப் பாரத்தையும் வைத்தது. நான் பின்னால் போகவில்லை. என் தாடை தானாக ஆடத் தொடங்கியது. பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. குதிரை காதைத் திருப்பிக் கேட்டது.

"ஆட்டாம பிடிங்க" என்றாள் யுவனேஸ்வரி பின்னாலிருந்து. தோள்வரை கையுறை போட்டிருந்தாள். மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். மரியாதைக்காக.

"முடிஞ்சது" என்றாள்.

டோனா வாலை விட்டாள். யாரும் கை தட்டவில்லை. டோனா ஒரு கையால் குதிரையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கயிற்றை விடவில்லை. விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மாமா திரும்பினார். "எப்ப தெரியும் பிள்ளை?"

"ரெண்டு வாரத்துல ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம் அங்கிள். அந்த வார வியாழக்கிழமை கொண்டாரச் சொல்லியிருக்கேன்."

மாமா விரல்களில் எண்ணினார். உதடு அசைந்தது. நிறுத்தினார்.

"என்ன மாமா?"

"அண்டைக்கு அவளின்ர மாசியம் தம்பி. மாசத் திதி அண்டைக்குத்தான் வருது."

யுவனேஸ்வரி கையுறையோடு அப்படியே நின்றாள். "அப்ப நாள மாத்திடலாம் அங்கிள். ஒன்னும் பிரச்சன இல்ல."

மாமா யோசித்தார். படையலுக்கு என்ன சமைக்க வேண்டும், ஐயர் எத்தனை மணிக்கு வருவார் என்பதெல்லாம் அவர் முகத்தில் போனது.

"வேண்டாம்" என்றார். "ஐயரை வெள்ளெனக் கூப்பிட்டு, விடிய முடிச்சுப்போட்டு வாறம்."